காபிக்கொட்டையில் ஒரு காட்டுமாடு

காபிக்கொட்டைகளை ஒட்டிச் செய்யும் படங்களில் பெரும்பாலானவை பார்த்த மாத்திரத்தில் சலிப்பைத் தருவதற்குக் காரணம், அவற்றில் நிறம் ஒன்றே ஒன்றாக இருப்பதுதான். கடையில் கால் கிலோ வறுத்த கொட்டையை வாங்கி, அட்டையில் ஒரு கோப்பையையோ இதயத்தையோ பென்சிலால் வரைந்து, கோட்டுக்குள் பசை தடவிப் பரப்பிவிடுகிறார்கள். வெளிக்கோடு மட்டும் தெரிகிறது. உருவம் எழும்பி வருவதில்லை. உருவத்தை எழுப்புவது நிழலும் ஒளியும் என்றால், காபிக்கொட்டையில் அவ்விரண்டையும் தருவது அடுப்பு. சில ஆண்டுகளாக இந்தக் கைவேலையில் ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில் சொல்வதானால், படத்தின் முக்கால் பங்கு வேலை, பசைப் புட்டியைத் திறப்பதற்கு முன்பே, பொறுக்குவதிலும் வறுப்பதிலும் முடிந்துவிடுகிறது. எனவே அந்த முக்கால் பங்கைப் பற்றியே இங்கு அதிகமாக எழுதப் போகிறேன்.

சேலத்தில் குடியிருப்பவர்கள் காபிக்கொட்டையைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் காலத்தில் ஏற்காட்டில் காபிப் பயிர் கால்கொண்டது. இன்றும் சேர்வராயன் மலையில், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களின் நிழலில் அரபிகா வகைக் காபி விளைந்துகொண்டிருக்கிறது. பழம் பறிப்பு நவம்பர் வாக்கில் தொடங்கும். பறித்த சிவப்புப் பழத்தின் தோலை எந்திரத்தில் நீக்கி, வழுவழுப்பு போகும்வரை புளிக்கவைத்துக் கழுவி, களத்தில் உலர்த்தினால் கிடைப்பது பார்ச்மென்ட். கொட்டையைச் சுற்றி வைக்கோல் நிறத்தில் மெல்லிய ஓடு ஒன்று மிஞ்சியிருக்கும் நிலை அது. அந்த ஓட்டையும் நீக்கினால் வருவதையே காபிப்பொடிக் கடைகளில் பிளான்டேஷன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பழத்தைத் தோலோடு அப்படியே காயவைத்துப் பிறகு உடைத்தெடுத்தால் அது செர்ரி. குடிப்பவருக்கு இவை சுவை வேறுபாடுகள். ஒட்டுபவருக்கோ, நெருப்பில் வைக்கும் முன்பே கைக்கு வந்துவிட்ட மூன்று நிறங்கள். பார்ச்மென்ட் வெளிறிய வைக்கோல் நிறம், பிளான்டேஷன் நீலம் கலந்த சாம்பல் பச்சை, செர்ரி பழுப்பு ஏறிய மஞ்சள்.

நான்காவதாக ஒன்றும் உண்டு. மங்களூர்ப் பக்கத்துக் கடற்கரைக் கிடங்குகளில், தென்மேற்குப் பருவமழை மாதங்களில், செர்ரி கொட்டைகளைப் பரப்பி ஈரக்காற்றுப் படும்படி வைத்து, அடிக்கடி கிளறி, மூட்டையாக்கி, மீண்டும் பரப்பித் தயாரிக்கும் மான்சூன்ட் மலபார் என்ற வகை அது. கப்பல்கள் ஐரோப்பா போய்ச் சேர மாதக்கணக்கில் ஆன காலத்தில், கடற்காற்றின் ஈரத்தை வாங்கிக் கொட்டைகள் ஊதி வெளிறிப் போயின. அந்தச் சுவைக்குப் பழகிய வாடிக்கையாளர்களுக்காக, நீராவிக் கப்பல்கள் வந்து பயணம் குறுகிய பிறகு, அதே மாற்றத்தைக் கரையிலேயே உண்டாக்கத் தொடங்கினார்கள். கொட்டை மற்றவற்றைவிடப் பருத்து, வெளிறிய பொன்னிறத்தில் இருக்கும். நெற்றிப்பொட்டு, விளக்குச் சுடர், வெயில் பட்ட கன்னம் என்று படத்தில் ஒளி விழும் இடங்களுக்கு இதற்கு இணையாக வேறெதுவும் இல்லை. விலை அதிகம் என்பதால் கால் கிலோ வாங்கி வைத்துக்கொண்டு, சிக்கனமாகப் பயன்படுத்துகிறேன்.

கொட்டையின் வடிவத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அரபிகா நீள்வட்டமாக இருக்கும், அதன் தட்டைப் பக்கத்தில் ஓடும் பிளவு நெளிந்திருக்கும். ரோபஸ்டா உருண்டையாக இருக்கும், பிளவு ஏறக்குறைய நேராக ஓடும். பழத்துக்குள் வழக்கமாக இரண்டு விதைகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு வளர்வதால் இரண்டுக்கும் ஒரு பக்கம் தட்டையாகிவிடுகிறது. ஒரே விதை மட்டும் வளர்ந்த பழத்தில் அது முழு உருண்டையாகத் திரண்டுவிடும். கடைக்காரர்கள் தனிவிலை சொல்லும் பீபெரி அதுதான். கண்மணிக்கும் மூக்குத்திக்கும் பீபெரி உகந்தது. உருண்டு ஓடுவதால் பெரிய பரப்புகளில் அதை ஒட்டுவது வீண் வேலை.

‘குடிக்கிற பொருளை இப்படி ஒட்டி வீணாக்கலாமா?’ என்று வீட்டுக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் கேட்காமல் போவதில்லை. கேள்வி நியாயமானது என்பதால் பதிலையும் முறையாகவே சொல்கிறேன். கொட்டைகளைச் சல்லடையில் சலித்து ஏ, பி என்று பருமன்படி தரம் பிரித்து, பிறகு கையால் பொறுக்கி முடித்தபின், ஒதுங்கிக் கிடப்பவை கறுத்தவை, பழுப்பு நிறத்தவை, உடைந்தவை ஆகிய மூன்றும். வணிகத்தில் பிளாக், பிரவுன், பிட்ஸ் என்று இவற்றுக்குப் பெயர். மூன்றையும் சேர்த்து பி.பி.பி. என்று ஒரே தரமாகவும் விற்பார்கள். காபிக் கோப்பையில் இவை வேண்டாத விருந்தாளிகள். என் பலகையில் இவைதான் முதல் பந்தியில் உட்காருகின்றன. உடைந்த துண்டுகள் இல்லாமல் வளைவுகளின் இடுக்குகளை நிரப்பவே முடியாது. காபிப் பழத்துளைப்பான் வண்டு குடைந்த கொட்டையும் எனக்கு உதவும். 1990-இல் கூடலூர்ப் பகுதியில் முதன்முதலாகத் தென்பட்டு, அதன்பின் நாட்டின் காபி மலைகள் பலவற்றுக்கும் பரவிய அந்த வண்டு, கொட்டையில் குண்டூசி முனையளவு துளை ஒன்றை இட்டுவிட்டுப் போகிறது. மாலை கோக்கும்போது துளையிடும் ஊசி வழுக்காமல் நிற்க அந்தத் துளை போதும்.

இனி வறுப்பது. காபிப்பொடிக் கடைகளில் ஒரே சீராக வறுபட்ட கொட்டைதான் கிடைக்கும், அதுதான் அவர்களது தொழில் திறமை. நமக்குத் தேவை அதற்கு நேர்மாறானது: ஒரே மூட்டைக் கொட்டையிலிருந்து படிப்படியாக இருளும் ஏழெட்டு நிறங்கள். ஆகவே வீட்டில், அடிகனத்த இரும்பு வாணலியில், ஒரு தடவைக்கு இரண்டு கைப்பிடி அளவே போட்டு, மரக்கரண்டியால் நிறுத்தாமல் கிளறி வறுக்கிறேன். சன்னலைத் திறந்துவைத்துக்கொள்வது நல்லது, புகை கடுமையாக வரும்.

பச்சைக் கொட்டையில் பத்திலிருந்து பன்னிரண்டு சதவீதம் ஈரம் இருக்கிறது. முதல் சில நிமிடங்கள் அந்த ஈரம் போவதிலேயே கழியும். நிறம் மாறாமல், வேகவைத்த பயறின் வாடை மட்டும் எழும். கொட்டையின் வெப்பம் 150 டிகிரி செல்சியசை நெருங்கும்போது பச்சை மறைந்து மஞ்சள் வரும். இந்த மஞ்சளை யாரும் குடிப்பதில்லை, எனவே எந்தக் கடையிலும் இது விற்பனைக்கு இல்லை. ஆனால் தோல் நிறத்துக்கும் வறண்ட புல்லுக்கும் இதைவிட நல்ல வண்ணம் கிடைக்காது. அடுத்து இலவங்கப்பட்டையின் நிறம். இந்தக் கட்டத்தில் மேல்தோல் உமியாகக் கழன்று வாணலியைச் சுற்றிப் பறக்கும். 200 டிகிரியை ஒட்டி, உள்ளே அடைபட்ட நீராவியும் வாயுவும் கொட்டையைப் பிளந்துகொண்டு வெளியேறும்போது பட் பட்டென்று முதல் வெடிப்பு கேட்கும். அதிலிருந்து நிறம் விரைவாக மாறும், ஒவ்வோர் அரை நிமிடத்துக்கும் ஒரு படி இருளும். 225 டிகிரி வாக்கில் இரண்டாம் வெடிப்பு. முதல் வெடிப்பைப் போல் உரக்கக் கேட்காமல், நெருக்கமாகவும் மெலிதாகவும் சடசடக்கும். அதைத் தாண்டினால் எண்ணெய் மேலே கசிந்து, கொட்டை பளபளக்கும் கறுப்பாகிவிடும்.

எங்கள் பகுதிக் காபிப்பொடிக் கடையில் நெடுங்காலமாக வறுக்கும் பெரியவரிடம் நிறத்தை எப்படிக் கணிப்பது என்று ஒருமுறை கேட்டேன். ‘நெறத்தப் பாக்காதீங்க தம்பி, அது ஏமாத்தும். வெடிக்கிறதக் காதால கேளுங்க. நீங்க நெனச்ச நெறம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே எறக்கிடணும்’ என்றார். அவர் சொன்னதன் காரணம் எளிது. அடுப்பை அணைத்த பிறகும் கொட்டை தன் உள்வெப்பத்தில் தானே வறுபட்டுக்கொண்டிருக்கும். எனவே ஒரு முறத்தையும் மேசை மின்விசிறியையும் அருகில் தயாராக வைத்துக்கொண்டு, இறக்கியவுடன் முறத்தில் கொட்டிப் புடைக்கிறேன். உமியும் போய்விடும், கொட்டையும் ஆறிவிடும்.

வாணலியில் வறுப்பதில் ஒரு சீரின்மை இருக்கத்தான் செய்யும். ஒரே தொகுதியிலேயே சில கொட்டைகள் இருண்டும் சில வெளிறியும் வரும். பழுக்காத காயிலிருந்து வந்த கொட்டைகளில் சர்க்கரை குறைவு என்பதால், அவை எவ்வளவு வறுத்தாலும் வேர்க்கடலை நிறத்திலேயே நின்றுவிடுகின்றன. காபித் தொழிலில் இவற்றைக் குறையாகக் கருதிப் பொறுக்கி எறிகிறார்கள். கரும்பழுப்புக் கொட்டைகளின் நடுவே இவற்றில் இரண்டொன்றைப் பதித்தால், ரோமத்தில் வெயில் பட்ட மினுமினுப்பு தானாக வந்துவிடுகிறது. ஆகவே என் வீட்டில் அவற்றுக்கென்று தனி டப்பா இருக்கிறது. வறுத்து முடித்த ஒவ்வொரு தொகுதியையும் வெள்ளைத் தாளில் பரப்பி, பகல் வெளிச்சத்தில் மூன்றாகப் பிரிக்கிறேன். குழல்விளக்கு வெளிச்சத்தில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. பழுப்பின் நடுப்படிகள் அனைத்தும் அதில் ஒன்றுபோலத் தோன்றும்.

வறுபடும்போது கொட்டை எடையில் ஆறில் ஒரு பங்கு வரை இழந்து, பருமனில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக ஊதுகிறது. இதனால் பச்சைக் கொட்டையும் கறுப்புக் கொட்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டப்படும்போது மேடுபள்ளம் உண்டாகும். இதைக் குறையாக எண்ணாமல், முன்னால் வர வேண்டிய பகுதிக்கு ஊதிய கொட்டையையும் பின்னால் ஒதுங்க வேண்டிய பகுதிக்குப் பச்சையையும் வைத்துப் படத்தைத் திட்டமிட்டால், பலகையில் மெல்லிய புடைப்புச் சிற்பத்தின் தன்மை வரும்.

கறுப்புக் கொட்டையில் வரும் ஒரே தொல்லை எண்ணெய். மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசை, தண்ணீர் அடிப்படையிலானது என்பதால் எண்ணெய்ப் பசையுள்ள முகத்தில் பிடிக்காது. ஒட்டியதுபோல இருந்து, உலர்ந்தபின் ஒரு தட்டுத் தட்டினால் உதிரும். வறுத்த கொட்டைகளைச் சில நாள்கள் தாளில் பரப்பி வைத்து, கசிவதெல்லாம் கசிந்தபின் பருத்தித் துணியில் போட்டு உருட்டித் துடைத்து, ஒட்ட வேண்டிய பக்கத்தை உப்புத்தாளில் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் பிடிப்பு உறுதியாகிறது. அட்டையில் ஒட்டவே கூடாது, பசையின் ஈரத்தில் நெளியும். ஆறு மில்லிமீட்டர் பிளைவுட் போதும். ஒட்டுவதற்கு முன் பலகைக்கு வண்ணம் பூசிவிட வேண்டும்: இருண்ட பகுதிக்குக் கறுப்பு, வெளிறிய பகுதிக்கு மணல் நிறம். கொட்டைகளுக்கிடையே தெரியும் இடைவெளியில் மரத்தின் வெளுப்பு எட்டிப்பார்த்தால், ஏழு நிறங்களில் வறுத்த உழைப்பு அத்தனையும் மங்கிப்போகும்.

நான் செய்தவற்றில் எனக்கு நிறைவு தந்தது ஒரு காட்டுமாட்டின் படம். மலைவாசிகள் காட்டெருமை என்று அழைக்கும் இந்த விலங்கு ஏற்காட்டின் காபித் தோட்டங்களுக்குள் சாதாரணமாக வந்துபோகிறது. அதைத் தேர்ந்தெடுத்ததற்கு மண்ணின் பாசம் மட்டும் காரணமில்லை. காபிக்கொட்டையில் இயல்பாகக் கிடைக்கும் நிறங்கள் அனைத்தும் அதன் உடம்பில் இருக்கின்றன. முதிர்ந்த காளையின் முதுகு ஏறக்குறைய கறுப்பு. வயிற்றுப் பக்கமும் தொடையின் உட்புறமும் செம்பழுப்பு. முழங்காலுக்குக் கீழே காலுறை அணிந்ததுபோல வெளுத்த நிறம். கொம்புகளுக்கிடையே நெற்றிமேடு சாம்பல். கொம்போ அடியில் மங்கிய பச்சை மஞ்சளாகத் தொடங்கி, நுனியில் கறுப்பாக முடிகிறது. இத்தனையையும் ஒரு சொட்டுச் சாயமும் சேர்க்காமல் கொட்டைகளாலேயே கொண்டுவர முடியும் என்று தோன்றியபோதுதான் பலகையை அறுத்தேன்.

கொம்பிலிருந்து தொடங்கினேன். அடியில் பிளான்டேஷன் பச்சை, அதையடுத்துச் செர்ரியின் மஞ்சள், பிறகு இலவங்கப்பட்டை நிறம், பழுப்பு, கரும்பழுப்பு, கறுப்பு என்று ஒரு விரல் நீளத்துக்குள் ஆறு படிகள் இறங்க வேண்டும். கொட்டைகளைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, ஒன்றின் தோளில் மற்றொன்று சாய்ந்திருக்கும்படி சாமணத்தால் அடுக்கினால்தான் கொம்பின் வளைவு முறியாமல் வரும். படுக்கவைத்தால் மீன் செதிலாகிவிடும்.

உடம்புக்கு வந்தபோது பிளவுக்கோட்டின் அருமை விளங்கியது. காபிக்கொட்டைக்கு இரண்டு முகங்கள். புடைத்த முகம் மேலே இருந்தால் ஒளி வழுக்கிப் பளிச்சிடும். தட்டை முகம் மேலே இருந்தால் பிளவு தெரியும், அந்தப் பிளவு ஒரு தூரிகைக் கீற்றுக்குச் சமம். எல்லாப் பிளவுகளையும் தசை ஓடும் திசையில் திருப்பிவைத்தால் திமில் எழுகிறது, தோள் இறங்குகிறது, விலா வளைகிறது. கண்டபடி திருப்பினால் அதே நிறங்கள் வெறும் குப்பையாகக் கிடக்கும். இன்னொரு நுட்பமும் கையில் எடுத்துப் பார்த்தால்தான் புலப்படும்: நடுத்தரமாக வறுத்த கொட்டையின் பிளவுக்குள் மேல்தோலின் மிச்சம் சிக்கிக்கொண்டு வெள்ளைக் கோடாகத் தெரியும், நன்கு கறுத்த கொட்டையிலோ அதுவும் கருகிப் பிளவு கறுப்பாகவே இருக்கும். ஆகவே ஒளி படும் விலாப்பகுதியில் நடுத்தர வறுவலைத் தட்டை முகம் மேலாகவும், நிழலடர்ந்த வயிற்றில் கறுப்பைத் தட்டை முகம் மேலாகவும், முதுகு விளிம்பில் மட்டும் கறுப்பின் புடைத்த முகம் மேலாகவும் வைத்தேன். வியர்த்த முதுகின் மினுக்கு அந்த ஒரு வரிசையால் வந்தது.

கால்களுக்குப் பார்ச்மென்ட். ஓடு வழவழப்பாக இருப்பதால் பசை பிடிக்க நேரமாகும், பொறுமை வேண்டும். முழங்காலில் கறுப்பும் வைக்கோல் நிறமும் சந்திக்கும் இடத்தில் நேர்கோடு விழாமலிருக்க பிட்ஸ் துண்டுகளைத் தூவி மறைத்தேன். கண்ணுக்கு ஒரு பீபெரி, மிகக் கறுத்தது. அதன் மேல்விளிம்பில் ஒளிப்புள்ளியாக, ஊசிமுனையளவு பார்ச்மென்ட் ஓட்டுத் துண்டு. ஒன்றரை அடிக்கு இரண்டடிப் பலகையில் முழுப் படத்துக்கும் ஆன கொட்டை அரை கிலோவுக்குச் சற்றே அதிகம். ஆனால் தரம் பிரித்துப் பொறுக்கி ஒதுக்கியது அதைப்போலப் பல மடங்கு. ஒதுக்கியவற்றில் நல்லவற்றை அரைத்துக் குடித்துவிட்டோம்.

இதையெல்லாம் பேரளவில் செய்துகாட்டியவர்களும் இருக்கிறார்கள். ஆணி, பல்குத்தும் குச்சி, பாட்டில் தக்கை ஆகியவற்றால் பெரிய சித்திரங்களை அமைத்துப் பெயர்பெற்ற அல்பேனியக் கலைஞர் சைமிர் ஸ்ட்ராட்டி, 2011-இல் டிரானா நகரில் சுமார் பத்து லட்சம் காபிக்கொட்டைகளைக் கொண்டு 25.1 சதுர மீட்டர் பரப்பில் ஒரு சித்திரத்தை உருவாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தார். பல நாடுகளைச் சேர்ந்த இசைக்கலைஞர்களும் ஆடுபவரும் அதில் இடம்பெற்றார்கள். ஆன கொட்டையின் எடை 140 கிலோ. மறு ஆண்டு மாஸ்கோவின் கார்க்கி பூங்காவில் ஆர்காடி கிம் என்ற கலைஞர் 30 சதுர மீட்டரில், 180 கிலோ கொட்டையால் அதைவிடப் பெரிய படத்தை அமைத்தார். இவ்விரண்டின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் சதுர மீட்டருக்கு ஐந்தரை முதல் ஆறு கிலோ வருகிறது. என் பலகையின் கணக்குப்படி ஒரே அடுக்காக ஒட்டினால் சதுர மீட்டருக்கு இரண்டு கிலோதான் பிடிக்கும். ஆகவே அவர்கள் கொட்டைகளை நிறுத்தியும் அடுக்கின்மேல் அடுக்காகவும் பதித்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அத்தனை பெரிய பரப்பைத் தொலைவில் நின்று பார்க்கும்போது தனிக்கொட்டை மறைந்து நிறம் மட்டும் மிஞ்சும். பிளவுக்கோட்டுக்கு அங்கே வேலையில்லை. எனக்குச் சிறிய பலகைதான் பிடித்திருக்கிறது. ஓர் அடி தூரத்தில் கொட்டையாகவும் ஐந்தடி தூரத்தில் மாடாகவும் தெரிவதில் உள்ள சுவை பெரிய சுவரில் கிடைக்காது.

செய்து முடித்ததைக் காப்பாற்றுவது தனி வேலை. நெருப்பில் நன்கு வறுபட்டவற்றைப் பூச்சிகள் அவ்வளவாக நாடுவதில்லை. ஆபத்து பச்சைக் கொட்டைகளுக்கும் பார்ச்மென்டுக்கும்தான். கிடங்குகளில் காபியையும் ஜாதிக்காயையும் துளைக்கும் சிறு வண்டு வகை ஒன்று நம் வீட்டுச் சுவரையும் தேடி வரும். ஒட்டுவதற்கு முன் பச்சைக் கொட்டைகளை நல்ல வெயிலில் காயவைத்து, பிறகு காற்றுப் புகாத பையில் கட்டி உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தெடுத்தால் முட்டையும் புழுவும் அழியும். அடுத்த எதிரி ஒளி. பச்சை நிறம் நிலையானதன்று, வெயில் படும் சுவரில் சில மாதங்களில் வைக்கோல் நிறமாக வெளிறும். மூன்றாவது, எண்ணெய் சிக்குப்பிடிப்பது. வறுத்த கொட்டையின் மணம் அறையை நிறைத்துக்கொண்டே இருக்கும் என்று சொல்லி இந்தப் படங்களை விற்பவர்கள், அந்த மணம் ஓரிரு மாதங்களில் பழைய எண்ணெய் வாடையாக மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதைத் தடுக்கத் தண்ணீர் அடிப்படையிலான அக்ரிலிக் வார்னிஷை, பளபளப்பில்லாத வகையாகப் பார்த்து, மெல்லியதாக இரண்டு முறை தெளிக்கலாம். பளபளப்பு வகையைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: எல்லாக் கொட்டையும் ஒரே மாதிரி மின்னத் தொடங்கினால், புடைத்த முகத்துக்கும் தட்டை முகத்துக்கும் உள்ள வேறுபாடு அழிந்துவிடும். கண்ணாடிச் சட்டம் போட்டால் கண்ணாடி கொட்டைகளைத் தொடாதபடி ஓர் அங்குல இடைவெளி விட வேண்டும்.

பள்ளி விடுமுறையில் குழந்தைகளோடு செய்வதற்கு மாலை, சாவிக்கொத்துப் பொம்மை, பந்தில் கொட்டைகளை ஒட்டிச் செய்யும் குட்டிமரம் என்று எளிய பொருள்கள் பல இருக்கின்றன. செய்முறைக் காணொளிகள் ஏராளமாகக் கிடைப்பதால் அவற்றை இங்கே விரிக்கவில்லை. மிகச் சிறிய குழந்தைகளிடம் கொட்டையைக் கொடுக்க வேண்டாம், விழுங்கிவிடுவார்கள். மெழுகுவத்தியைச் சுற்றிக் காபிக்கொட்டை பதிக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று. எண்ணெய் கசிந்த கொட்டையைச் சுடருக்குப் பக்கத்தில் வைப்பதைவிட, அகலமான கண்ணாடிக் குவளையில் கொட்டையை நிரப்பி, நடுவே தனிக் கிண்ணத்தில் விளக்கை வைப்பது பாதுகாப்பானது.

சட்டத்துக்குக் காபி மரத்தையே பயன்படுத்தலாம். வெளிறிய நிறம், நெருக்கமான இழை, உறுதி, அழகான கோணல் ஆகிய நான்கும் அதில் உண்டு. குடகிலும் சிக்மகளூரிலும் ஊன்றுகோலும் மேசைக்காலும் அதில் கடைந்து விற்கிறார்கள். மரத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் மட்டும் கவனம் தேவை. அரபிகாவைத் தாக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் புகுந்த செடிகளைத் தோட்டக்காரர்கள் வேரோடு பிடுங்கி எரித்துவிடுகிறார்கள், தண்டுக்குள் இருக்கும் புழு வண்டாகி அடுத்த செடிக்குப் போகாமலிருக்க அதுதான் வழி. அப்படிப்பட்ட தண்டு இலவசமாகக் கிடைக்கிறது என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு வரக் கூடாது. முதிர்ந்து காய்ப்பு நின்று, மறுநடவுக்காக அகற்றப்பட்ட செடியின் தண்டைக் கேட்டு வாங்கி, நிழலில் ஓராண்டு உலரவிட்டு அறுத்தால் வெடிக்காது. வளைந்த தண்டிலிருந்து நேரான சட்டம் நீளமாகக் கிடைப்பது அரிது என்பதால், நான்கு மூலைக்கும் குட்டையான துண்டுகளை இணைத்துத்தான் சட்டம் செய்ய வேண்டியிருக்கிறது. தச்சர் கூலி கொட்டையின் விலையைவிட அதிகமாகும்.

ஒவ்வொரு பலகையின் பின்புறத்திலும் ஒரு சிறிய தாளை ஒட்டி, எந்த மலைக் கொட்டை, எந்த வகை, எந்த நிறம் எந்தக் கட்டத்தில் இறக்கியது, வறுத்த மாதம் எது என்பதைக் குறித்துவைக்கிறேன். படத்தில் பயன்படுத்திய ஒவ்வொரு நிறத்திலும் ஒரு கரண்டியளவு கொட்டையைச் சிறு புட்டிகளில் அடைத்து இருட்டான அலமாரியில் வைத்துவிடுகிறேன். வீடு மாற்றும்போதோ ஆணி கழன்று விழும்போதோ இரண்டு கொட்டைகள் உதிர்ந்தால், அதே நிறத்தைப் புதிதாக வறுத்து எடுப்பது ஏறக்குறைய இயலாத காரியம். படத்தை விலைக்கு வாங்குகிறவர்களுக்கும் அந்தப் புட்டிகளில் ஒரு பங்கைப் பிரித்து, கூடவே ஒரு சாமணமும் வைத்துக் கொடுத்துவிடுகிறேன்.